ஆர்ஓ தண்ணீர் குழாயை அரிக்கும்போது: வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஒரு தனி வீட்டில், வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த பித்தளை ஆங்கிள் வால்வை மூடப்போனேன். அரைச் சுற்றுதான் திருகியிருப்பேன். கழுத்து முறிந்து வால்வு கையோடு வந்துவிட்டது. வெளியே குரோம் பூச்சு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. முறிந்த இடத்திலோ பித்தளையின் மஞ்சள் நிறமே இல்லை. செங்கல் பொடியை அழுத்தி வைத்ததுபோல் சிவந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பதினான்கு மாதங்களுக்கு முன்புதான் வீடு முழுவதற்கும் ஆர்ஓ இயந்திரம் பொருத்தியிருந்தார். அதற்குள் இரண்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) முழங்கை இணைப்புகளில் கசிவு, காலையில் முதல் வாளியில் பழுப்புத் தண்ணீர், கடைசியாக இந்த வால்வு. "இருபத்தைந்து ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் ஓடிய குழாய் சார். நல்ல தண்ணீர் வந்த பிறகு கெட்டுப்போகுமா?" என்று கேட்டார். இயந்திரம் விற்றவர்கள் குழாய் பழசு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். குழாய் பழசு என்பது உண்மைதான். அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டும்போதும் அது பழசாகத்தானே இருந்தது?

வீட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் எந்தப் பெரிய இயந்திரத்தையும் பொருத்தப்போகிறவர்களுக்கும், பொருத்திவிட்டுக் கசிவோடு போராடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமையலறையில் மட்டும் சிறிய ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. அவர்களுக்கு உரிய பகுதியைத் தனியே சொல்கிறேன்.

ஈயம் பூசாத பாத்திரம்

பாட்டி காலத்துப் பித்தளை அடுக்கில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள். களிம்பு ஏறும். புளியின் அமிலம் செம்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். உள்ளே வெள்ளீயப் பூச்சு இருந்தால் குழம்புக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு சுவர். வீட்டுக் குழாயிலும் இதே கதைதான். நாம் சலித்துக்கொள்ளும் உப்புப் படிவம்தான் அங்கே ஈயப் பூச்சு.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. குழாயின் உட்சுவரில் அவை மெல்லிய சுண்ணாம்புத் தோலாகப் படிகின்றன. ஜிஐ குழாயின் துத்தநாகம் அதே பைகார்பனேட்டோடு சேர்ந்து துத்தநாகக் கார்பனேட் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. செம்பும் பித்தளையும் அப்படியே தங்களுக்கு ஒரு பச்சைப் படலம் போட்டுக்கொள்கின்றன. இந்தப் படலங்கள் எல்லாம் நிலைத்திருக்க இரண்டு வேண்டும்: தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயக்கூடாது, அதில் போதிய காரத்தன்மை, அதாவது புளிப்பை அடக்கும் திறன், இருக்க வேண்டும்.

ஆர்ஓ இரண்டையும் கெடுக்கிறது. தண்ணீரை அழுத்தி வடிக்கும் அதன் சவ்வு உப்புகளைத் தடுக்கும், பைகார்பனேட்டையும் தடுக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை மட்டும் அதனால் தடுக்க முடியாது. வாயு அப்படியே ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். சோடா பாட்டிலில் அடைத்திருப்பதும் இதே வாயுதான். உள்ளே போன தண்ணீரில் அந்த வாயுவின் புளிப்பை அடக்கிவைக்கப் பைகார்பனேட் இருந்தது. வெளியே வரும் தண்ணீரில் வாயு இருக்கிறது, அடக்குவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் 7.4 பிஎச் உள்ள கிணற்றுத் தண்ணீர் ஆர்ஓவைத் தாண்டியதும் 6-க்கு இறங்குகிறது. பிஎச் அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். 'உப்பே இல்லாத தண்ணீர் தன் பசிக்கு உலோகத்தைத் தின்கிறது' என்று பலரும் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. காற்றும் கரியமில வாயுவும் நீக்கப்பட்ட சுத்தத் தண்ணீர் உலோகத்தோடு பெரிதாகச் சண்டை போடாது; உப்பு குறைந்தால் மின்கடத்தலும் குறைவதால் சில வகை அரிப்பு மெதுவாகவே நடக்கும். நம் வீட்டு ஆர்ஓ தண்ணீரில் கரியமில வாயு இருக்கிறது, தொட்டியில் விழும்போது ஆக்சிஜனும் வேண்டிய மட்டும் சேர்கிறது, காரத்தன்மை மட்டும் இல்லை. குழாயை அரிப்பது இந்த மூன்றின் கூட்டணி. கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 50 காட்டுகிறதா 150 காட்டுகிறதா என்பது இரண்டாம் பட்சம்.

முதல் படி: எந்த இயந்திரம் என்று பாருங்கள்

'ஃபில்டர் போட்டிருக்கிறோம்' என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் ஒளிந்திருக்கும். மணல் வடிகட்டியும் கார்பன் வடிகட்டியும் கலங்கலையும் நாற்றத்தையும் எடுக்கின்றன. புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்கிறது. குழாய்க்கு இவற்றால் தீங்கில்லை.

சாஃப்ட்னர் வேறு. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிஎச்சும் காரத்தன்மையும் மாறா. ஆகவே சாஃப்ட்னர் தண்ணீர் ஆர்ஓ தண்ணீரைப் போலச் செம்பைக் கரைக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதன் தொல்லை இரண்டு. புதிய சுண்ணாம்புத் தோல் படிவது நின்று பழையது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால், முப்பது ஆண்டுப் பழைய ஜிஐ குழாயில் சுண்ணாம்பே அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் திறந்துகொள்ளும். இன்னொன்று கீசருக்குள் நடப்பது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வீடு முழுவதற்குமான ஆர்ஓதான் இந்தக் கட்டுரையின் முக்கியக் குற்றவாளி. சென்னையின் தெற்குப் புறநகரில், குறிப்பாக 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பிறகு, அடுக்ககங்களிலும் தனி வீடுகளிலும் இது பெருகிவிட்டது. குளிக்கவும் கழிப்பறைக்கும் ஆர்ஓ தண்ணீர் தேவையா என்பது என் நெடுநாள் கேள்வி. மூன்று வாளி உள்ளே விட்டால் ஒரு வாளியோ ஒன்றரை வாளியோதான் வெளியே வரும். தலைமுடிக்கும் கீசருக்கும் உப்புப் படிவதுதான் பிரச்சினை என்றால் சாஃப்ட்னரே போதும். ஆனால் கிணற்றில் கடல் உப்பு ஏறிவிட்ட இடங்களில் சாஃப்ட்னரால் பயன் இல்லை. அங்கே ஆர்ஓதான் வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: எந்த உலோகம் எங்கே இருக்கிறது

ஒரு தாளில் தண்ணீர் போகும் பாதையை வரையுங்கள்: கிணறு, மோட்டார், இயந்திரம், மேல்நிலைத் தொட்டி, அங்கிருந்து ஒவ்வொரு குளியலறை, சமையலறை. இயந்திரத்துக்கு முன்னால் இருப்பது எதுவானாலும் விட்டுவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு உலோகத்தையும் குறியுங்கள்.

2000-க்கு முன் கட்டிய வீடுகளில் சுவருக்குள் ஜிஐ குழாய் இருக்க வாய்ப்பு மிகுதி. காந்தம் ஒட்டினால் ஜிஐ. சிபிவிசி குழாய் போட்ட புது வீடு என்றால் 'எங்கள் வீட்டில் உலோகமே இல்லை' என்று சொல்வார்கள். குழாய் பிளாஸ்டிக்தான்; ஆனால் சுவருக்குள் டேப் மாட்டும் இடத்தில் உள்ள முழங்கையில் பித்தளைத் திருகு பதித்திருப்பார்கள். ஆங்கிள் வால்வு பித்தளை. ஷவர் கலவைக் குழாய் பித்தளை. தொட்டியிலிருந்து இறங்கும் முதல் நிப்பிள் (சிறு இணைப்புத் துண்டு) பெரும்பாலும் ஜிஐ. கீசருக்குள் செம்போ எஃகோ. எண்ணிப் பார்த்தால் ஒரு குளியலறைக்கே ஏழெட்டு உலோகத் துண்டுகள் தேறும்.

இதில் கூட்டணிகளையும் கவனியுங்கள். செம்பும் ஜிஐயும் ஒரே பாதையில் இருந்தால், செம்பு முன்னாலும் ஜிஐ பின்னாலும் வரவே கூடாது. தண்ணீரில் கரைந்து வரும் இம்மியளவு செம்பு துத்தநாகத்தின் மேல் படிந்து, படிந்த இடத்தில் எல்லாம் குழி விழவைக்கும். பித்தளையும் ஜிஐயும் நேரடியாகத் திருகிய இடத்தில் ஜிஐ பக்கம் முதலில் போகும். உப்பு குறைந்த தண்ணீரில் மின்னோட்டம் தொலைவுக்குப் போகாததால் அரிப்பு முழுவதும் இணைப்பை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டரிலேயே குவிந்துவிடும். குழாய் முழுக்க நன்றாக இருக்க, இணைப்பில் மட்டும் திருகுப் புரிகள் காணாமல் போயிருப்பது இதனால்தான்.

துருப்பிடிக்காத எஃகு மட்டும் இந்தத் தண்ணீரில் நிம்மதியாக இருக்கும். அதன் எதிரி குளோரைடு. ஆர்ஓ தண்ணீரில் குளோரைடு சொற்பம். மாறாக, ஆர்ஓ கழிக்கும் தண்ணீரில் குளோரைடு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு செறிந்திருக்கும். அதைப் பிடித்துப் பாத்திரம் கழுவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் எஃகுத் தொட்டியில் நாள் கணக்கில் தேக்கி வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: கண்ணால் தேடுங்கள்

செலவில்லாத சோதனை இது. வெள்ளை வாஷ்பேசினில் டேப் சொட்டும் இடத்தில் நீலப் பச்சைக் கறை இருந்தால் செம்போ பித்தளையோ கரைகிறது. பித்தளை இணைப்பின் வெளிப்புறத்தில் மாவு பூத்ததுபோல் வெள்ளைப் பொருக்கு திரண்டிருந்தால் உள்ளே துத்தநாகம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் மட்டும் கரைந்து போனால் மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான செம்புக் கூடு. வடிவம் மாறாது, அளவு மாறாது, பலம் மட்டும் இருக்காது. என் கையோடு வந்த வால்வு அதுதான். பொருக்கு கண்ட வால்வை வீட்டில் ஆள் இருக்கும்போது, மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூடிவிட்டுத்தான் தொட வேண்டும். நான் அன்று மூடவில்லை. அரை மணி நேரம் குளியலறையைத் துடைத்தோம்.

காலையில் முதல் தண்ணீர் மட்டும் பழுப்பாக வந்து, ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால் ஜிஐ குழாயின் துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளியே தெரிகிறது. நாள் முழுவதும் பழுப்பாக வந்தால் முதலில் கிணற்றைச் சந்தேகியுங்கள்.

நான்காம் படி: தண்ணீரை அளவிடுங்கள்

டிடிஎஸ் மீட்டர் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. குழாய் விஷயத்தில் அது பாதி ஊமை. தேவைப்படும் எண்கள் பிஎச், காரத்தன்மை, கால்சியக் கடினத்தன்மை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ இவற்றைச் சோதித்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பார்க்க விரும்பினால் வண்ணமீன் கடைக்குப் போங்கள். 'கேஎச்' சோதனைச் சொட்டு என்று கேட்டால் கொடுப்பார்கள்; அது காரத்தன்மைதான். 5 மில்லி தண்ணீரில் நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறதோ, அதை 17.9-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். ஆர்ஓ தண்ணீர் ஒரே சொட்டில் நிறம் மாறிவிடும் என்பதால் 20 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு சொட்டுக்கு 4.5 மில்லிகிராம் கணக்கு. அதே கடையில் கிடைக்கும் 'ஜிஎச்' சொட்டு மொத்தக் கடினத்தன்மையைக் காட்டும். ஆர்ஓ தண்ணீருக்கு அந்த எண்ணையே கால்சியமாக வைத்துக்கொண்டாலும் முடிவு பெரிதாக மாறாது.

பிஎச் அளக்கும்போது அவசரம் வேண்டும். ஆர்ஓ வெளிக்குழாயிலிருந்து பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி, உடனே அளக்க வேண்டும். திறந்த தம்ளரில் ஒரு மணி நேரம் வைத்தால் கரியமில வாயு பறந்து எண் ஏறிவிடும். மலிவான மீட்டர்கள் உப்பு குறைந்த தண்ணீரில் நிலைகொள்ளாமல் தடுமாறும். எண் நிற்கும்வரை காத்திருந்து, மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் எவ்வளவு கரைகிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மாதிரிகள் போதும். இரவு எட்டு மணி நேரம் யாரும் டேப்பைத் திறக்கக்கூடாது. காலையில் வரும் முதல் கால் லிட்டரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவதைப் பிடியுங்கள். ஆய்வகத்தில் செம்பு, காரீயம், துத்தநாகம், இரும்பு நான்கையும் கேளுங்கள்; பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதிரியில் ஏகமாகவும் இரண்டாவதில் சொற்பமாகவும் இருந்தால் குற்றம் உங்கள் வீட்டுக் குழாயில்.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இன் 2012 பதிப்பு குடிநீரில் காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. செம்பு 0.05-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்கிறது. பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் இடையே இருக்க வேண்டும். குடிநீர்த் தரத்துக்காக வாங்கிய இயந்திரத்தின் தண்ணீரே பிஎச் வரியில் தேறாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரீயம் ஏன் என்று கேட்பீர்கள். பித்தளையைக் கடைவதற்கு எளிதாகக் காரீயம் கலப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். பழைய பிவிசி குழாய்களிலும் காரீயம் சேர்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: ஒரு சிறிய கணக்கு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாஞ்ஜிலியர் என்பவர் 1936-இல் ஒரு கணக்கு கொடுத்தார். தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, இருக்கும் சுண்ணாம்பையும் கரைக்குமா என்று அது சொல்லும். நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய 30 டிகிரியில், அதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம். கைப்பேசிக் கால்குலேட்டரில் லாக் பொத்தானை அழுத்தி, கால்சியக் கடினத்தன்மையின் லாக், காரத்தன்மையின் லாக் இரண்டையும் கண்டு, இரண்டையும் 11.8-லிருந்து கழியுங்கள். டிடிஎஸ் 1000-ஐத் தாண்டினால் 11.9-லிருந்து கழியுங்கள். வரும் எண்ணைத் தண்ணீரின் பிஎச்சிலிருந்து கழித்தால் விடை. கூட்டல் குறி என்றால் படியும். கழித்தல் குறி என்றால் கரைக்கும்.

அந்த வங்கி அதிகாரி வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கிணற்றில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், கால்சியக் கடினத்தன்மை 300, காரத்தன்மை 350, டிடிஎஸ் 1200; பிஎச் 7.4. விடை கூட்டல் 0.5. கீசரில் உப்பு அப்பும், குழாய்க்குப் பாதுகாப்பு. ஆர்ஓவுக்குப் பிறகு கால்சியம் 8, காரத்தன்மை 15, டிடிஎஸ் 50, பிஎச் 6. விடை கழித்தல் 3.7. இருபத்தைந்து ஆண்டுகள் படிந்ததைக் கழற்றுவதற்கு இது தாராளம்.

இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது சுண்ணாம்பைப் பற்றிய கணக்கு. உலோக அரிப்பை நேராக அளக்காது. சாஃப்ட்னர் தண்ணீருக்கும் இது பெரிய கழித்தல் எண்ணைக் காட்டும், ஆனால் அதன் காரத்தன்மை அப்படியே இருப்பதால் செம்புக்கு அவ்வளவு கேடில்லை. அதனால் நான் விடையோடு நிற்காமல் இரண்டு எண்களைத் தனியே பார்ப்பேன்: பிஎச் 7.5 இருக்க வேண்டும், காரத்தன்மை 60-க்குக் கீழே போகக்கூடாது. கடல்நீரைக் குடிநீராக்கும் இஸ்ரேல் 80-க்கு மேல் கேட்கிறது.

ஆறாம் படி: எடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்

சென்னைக்கு 2010-இல் மீஞ்சூரிலிருந்தும், 2013-இல் நெம்மேலியிலிருந்தும் கடல்நீரைச் சுத்திகரித்த குடிநீர் வரத் தொடங்கியது. இந்த வகை ஆலைகளில் சவ்வைத் தாண்டிய தண்ணீரை அப்படியே ஊர்க்குழாயில் விடும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை. சுண்ணாம்போ சுண்ணாம்புக்கல்லோ சேர்த்துத்தான் அனுப்புவார்கள். ஊருக்குச் செய்யும் இந்த வேலையை வீட்டு ஆர்ஓ விற்பவர்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இவர்களிடம் புகார் செய்தால் முதலில் செய்வது டிடிஎஸ் திருகாணியைத் திருப்புவது. கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் ஆர்ஓ தண்ணீரில் கலக்கும். மீட்டரில் எண் ஏறும். வாடிக்கையாளர் திருப்தியடைவார். கணக்கைப் பாருங்கள்: மேற்சொன்ன வீட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கலந்தால் டிடிஎஸ் 220, காரத்தன்மை 65, கால்சியம் 52. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கரியமில வாயு எங்கும் போகவில்லை; பிஎச் 6.6-இல்தான் நிற்கும். லாஞ்ஜிலியர் விடை கழித்தல் 1.7. பாதிக் கிணறு தாண்டியது போல. போதாக்குறைக்கு, ஆர்ஓ எதை நீக்க வாங்கப்பட்டதோ அந்த குளோரைடும் நைட்ரேட்டும் வடிகட்டாமலேயே கலக்கின்றன.

சரியான வழி கால்சைட் தொட்டி. உள்ளே சுண்ணாம்புக்கல் குருணை. பார்ப்பதற்குக் கல்லுப்பு போல இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் உள்ள கரியமில வாயு அந்தக் கல்லைக் கரைத்துத் தானே பைகார்பனேட்டாக மாறிவிடும். குழாயை அரித்திருக்க வேண்டிய புளிப்பு கல்லை அரித்துத் தீர்ந்துபோகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அளவு மிஞ்சாது என்பது. வாயு தீர்ந்தால் கரைவதும் நின்றுவிடும். எங்கள் கணக்கு வீட்டில் கால்சைட்டுக்குப் பிறகு கால்சியம் 60, காரத்தன்மை 67, பிஎச் 7.5; விடை கழித்தல் 0.7. இது போதும். கீசரில் உப்பும் அப்பாது.

பொருத்தும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தொட்டிக்குப் பின்னால், பிரஷர் பம்பு ஓடும் பாதையில் மாட்டினால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கல்லைக் கடந்துவிடும். கரைய நேரம் இருக்காது. ஆர்ஓவிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். அங்கே ஓட்டம் மெதுவானது, ஒரே சீரானது. பத்து நிமிடம் கல்லோடு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 250 லிட்டர் தரும் இயந்திரத்துக்கு 42 லிட்டர் கொள்ளளவு கல் வேண்டும். சமையலறை ஃபில்டர் அளவில் இருக்கும் சின்ன மினரல் கார்ட்ரிட்ஜ் வீடு முழுவதற்குப் பயன்படாது என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி மாட்டச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்கினால் கல் இறுகிக் கட்டியாகும். கால்சைட் தொட்டிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இடையே மூடக்கூடிய வால்வு வைக்காதீர்கள். யாராவது மூடினால் ஆர்ஓ சவ்வின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் ஏறி அது கிழியும். செலவு? ஆயிரம் லிட்டருக்கு 52 கிராம் கல் கரைகிறது. நாளைக்கு 500 லிட்டர் வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்பதரைக் கிலோ. ஆண்டுக்கொரு முறை மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்குக் கொட்டிவிட்டு மூடினால் வேலை முடிந்தது.

பழைய ஜிஐ குழாய் உள்ள வீட்டில் இதுமட்டும் காப்பாற்றாது. தண்ணீர் மாறினாலே பழைய துரு ஆட்டம் காணும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரம் 1992 நவம்பரில் நிலத்தடி நீரை விட்டுச் சுத்திகரித்த கொலராடோ ஆற்று நீருக்கு மாறியது. பழைய ஜிஐ குழாய் உள்ள வீடுகளில் துருத் தண்ணீர் கொட்டியது. 1994-இல் விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2014-இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஆற்றுநீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். குழாயில் இருந்த காரீயம் குழந்தைகளின் இரத்தத்துக்குப் போனது. இரண்டு ஊரிலும் ஆர்ஓ கிடையாது. குழாய்க்கும் தண்ணீருக்கும் பல்லாண்டு இருந்த சமரசம் குலைந்ததுதான் காரணம். ஆகவே வீடு முழுவதற்கும் ஆர்ஓ போடும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் ஜிஐயை எடுத்துவிட்டுச் சிபிவிசி போட ஒதுக்குங்கள். வரிசை முக்கியம்: குழாய் முதலில், இயந்திரம் பிறகு.

குழாயை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயின் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக்காக மாறினாலும் எர்த் அறுந்துவிடும். கீசரில் கசிவு மின்சாரம் வந்தால் போக வழியிருக்காது. பிளம்பர் வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, தனி எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கீசர்

சேமிப்புக் கீசருக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி தொங்குகிறது. தொட்டியின் எஃகுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பதற்காகவே வைத்த பலிகடா அது. அது தீர்ந்த பிறகு அடுத்தது தொட்டிதான். சாஃப்ட்னர் தண்ணீரில் உப்பு அப்படியே இருப்பதால் மின்கடத்தல் நன்றாக இருக்கும்; கம்பியின் மேல் சுண்ணாம்பு மூடாது; சூடும் சேர்ந்துகொள்ளக் கம்பி வேகமாகக் கரையும். சாஃப்ட்னர் போட்ட வீட்டில் முதல் ஆண்டு ஆறு மாதத்தில் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். சுவிட்சை மட்டும் நம்பாமல் எம்சிபியை இறக்கி, தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் மாற்றும் நேரம். கம்பியின் விலை புதுத் தொட்டியின் விலையில் ஒரு துளி. ஆனாலும் சர்வீஸுக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைத் திறப்பதே இல்லை. கேட்டு நின்று பார்க்க வேண்டும்.

சமையலறை ஆர்ஓ மட்டும் உள்ளவர்களுக்கு

உங்கள் இயந்திரத்துக்குள் குழாயும் தொட்டியும் பிளாஸ்டிக். டேப்பும் பிளாஸ்டிக் என்றால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலையே இல்லை. அழகுக்காகச் சிங்க் மேல் பித்தளை டேப் மாட்டியிருந்தால் மட்டும், காலையில் முதல் தம்ளரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆர்ஓ வெளிக்குழாயிலிருந்து ஃபிரிட்ஜுக்கோ காபி இயந்திரத்துக்கோ செம்புக் குழாய் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாயே போதும்.

செம்புக் குடத்தில் ஆர்ஓ தண்ணீரை இரவு முழுக்க ஊறவைத்துக் குடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் காலத்துச் செம்புக் குடத்தில் இருந்தது கிணற்றுத் தண்ணீர், காரத்தன்மை நிறைந்தது. ஆர்ஓ தண்ணீர் புளிப்பானது. செம்பை அதைவிட அதிகமாக எடுக்கும். குடத்துத் தண்ணீரில் நாக்கில் உலோகச் சுவை தட்டினால் அன்றைக்கே எவர்சில்வருக்கு மாறுங்கள்.

பிறகு

கால்சைட் வைத்த முதல் மாதம் வாரம் ஒரு முறை, அதன்பின் மாதம் ஒரு முறை, குளியலறை டேப்பில் பிஎச்சும் சொட்டுக் கணக்கும் பார்த்துச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். காரத்தன்மை 60-லிருந்து 40-க்கு இறங்கினால் கல் குறைந்துவிட்டது. இரவு மாதிரிச் சோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். செம்பும் துத்தநாகமும் முதல் முறையைவிடக் குறைந்திருக்க வேண்டும். பழைய பித்தளை வால்வுகளில் ஏற்கெனவே வெளியேறிய துத்தநாகம் திரும்பி வராது. வெள்ளைப் பொருக்கு கண்ட எதையும் தண்ணீர் சரியானதற்காக விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள். வங்கி அதிகாரி வீட்டில் அப்படிப் பதினொன்று மாற்றினோம். அவற்றில் நான்கை நான் கையாலேயே முறித்தேன், இந்த முறை தொட்டி வால்வை மூடிவிட்டு.